வீட்டிலேயே அடைத்த ஆயில் ஒழுகல்: மூன்று வருஷம் கழித்து

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று பைக்கும் ஒரு காரும் நிற்கும். தரை முழுக்க சாம்பல் நிற கிரானைட். 2022 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் ஓனர் அம்மா என்னைப் படிக்கட்டிலேயே மறித்து, “ஏன்ப்பா, உன் வண்டி ராத்திரியெல்லாம் உக்காந்து அழுவுதா?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். என்ஜினுக்கு நேர் கீழே ஐந்தாறு துளி கறுப்பாக, கிரானைட்டுக்குள் ஊறிப்போய்க் கிடந்தது.

வண்டி 2014இல் வாங்கியது. 150 சிசி, காற்றிலேயே குளிரும் ஒற்றை சிலிண்டர் என்ஜின். அப்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒயிட்ஃபீல்டில் வேலை, போக வர ஏறக்குறைய 35 கிலோமீட்டர். டின் ஃபேக்டரி பக்கம் சிக்கினால் முதல் கியரிலேயே அரை மணி நேரம் ஊர வேண்டும். என்ஜின் அடுப்பு மாதிரி காயும். சூட்டில் ஆயில் தண்ணீர்போல இளகுவதால், ஆறின வண்டியில் கசியாத இடம்கூட அப்போது கசியும்.

தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல், “என்ஜினை இறக்கணும் சார், நாலாயிரம் ஆவும்” என்றார். இரண்டாவது ஆள், பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் பேக்கிங் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார். எங்கே ஒழுகுகிறது என்று இருவருமே சொல்லவில்லை. அங்கேதான் எனக்கு வீம்பு வந்தது.

முதலில் கணக்கு. இருபது துளி சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. ராத்திரிக்கு ஐந்து துளி என்றால் மாதத்துக்கு எட்டு மில்லிகூட வராது. ஆனால் நான் இரண்டு மாதத்தில் 150 மில்லி ஊற்றியிருந்தேன். புகை இல்லை, அதனால் உள்ளே எரிவதாகவும் தெரியவில்லை. அப்படியானால் மீதி ஓடும்போதுதான் போகிறது; தரையில் தெரிந்த கறை மிச்சம் மீதிதான். இது புரியாமல் நின்ற வண்டியையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் செய்த இரண்டு முட்டாள்தனம். துளி, ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெய்ன் போல்டின் தலையில் தொங்கியது. ஆகவே அதுதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, ஸ்பேனரைப் போட்டு இறுக்கினேன். நிற்கவில்லை என்றதும் இன்னும் இறுக்கினேன். நல்லவேளை மரை போகவில்லை. என்ஜினிலேயே தாழ்வான இடம் அது. மேலே எங்கே ஒழுகினாலும் அங்கே வந்துதான் சொட்டும். கூரையில் ஓட்டை ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் உத்தரம் வழியாக ஓடி வேறு பக்கம் சொட்டுவதில்லையா, அதே கதைதான்.

இரண்டாவது, சிலிகான் பசை. கிளட்ச் கவர் ஓரம் ஈரமாக இருந்ததால் துடைத்துவிட்டு, மேலாகவே அனபாண்ட் என்ற அந்தப் பசையை விரலால் பூசினேன். பார்க்க அழகாகக் காய்ந்தது. பதினோராம் நாள் வாழைப்பழத் தோல்போல உரிந்து கையோடு வந்தது. ஆயில் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, இடுக்கில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அதன் மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது. வெளியே பூசி நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால், எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது முகப் பவுடர். ஆறின என்ஜினில் டீசலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கத் தேய்த்தேன். எட்டு வருஷ அழுக்கு. பனியன் வேஸ்ட்டால் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, என்ஜின் அடிப்பாகம் முழுக்கப் பவுடரைத் தூவினேன். வீட்டு டப்பா பாதி காலியானதற்கு இன்றுவரை பேச்சு கேட்கிறேன். பிறகு அல்சூர் ஏரியை ஒரு சுற்று, வேகம் எடுக்காமல். வேகமாகப் போனால் காற்று ஆயிலைப் பின்னால் அடித்துக்கொண்டு போய் எல்லா இடத்திலும் பூசிவிடும்.

வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு பழுப்புக் கோடு. வலப்பக்க கிளட்ச் கவரின் முன்பக்கம், கீழிருந்து இரண்டாவது போல்ட். அங்கே தொடங்கி, கவர் ஓரமாக இறங்கி, அடியில் வளைந்து, நேராக டிரெய்ன் போல்டுக்கு. கோட்டின் மேல்முனைதான் ஊற்று. அந்த போல்டில் எட்டாம் நம்பர் ஸ்பேனரை வைத்து மெதுவாகத் திருப்பினேன். இறுகவும் இல்லை, கழலவும் இல்லை, சும்மா சுற்றியது. மரை போயிருந்தது. முன்பு கிளட்ச் பிளேட் மாற்றியபோது யாரோ பலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

போல்ட் இரும்பு, என்ஜின் கூடு அலுமினியம். மோதினால் பெரும்பாலும் அலுமினியம்தான் தோற்கும்.

பேக்கிங் வாங்க ஜே.சி. ரோடு. கடைக்காரர் கன்னடத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, “ஒரிஜினலா, லோக்கலா?” என்றார். இரண்டையும் எடுக்கச் சொல்லி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். லோக்கலில் இரண்டு ஓட்டை தள்ளி இருந்தது, காகிதமும் தடிமன். ஒரிஜினலுக்கு ஐம்பது ரூபாய் சொச்சம் கூடுதல், அவ்வளவுதான். இந்த ஒரு பொருளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டிரெய்ன் போல்டுக்கு ஒரு புது வாஷரும் வாங்கினேன். அது ஒரு முறை நசுங்கி அடைப்பதற்காகவே செய்தது. திரும்பத் திரும்பப் போட்டால் ஒழுகத்தான் செய்யும்.

வேலை நாள். ஆயிலை வடிக்கவில்லை. கிளட்ச் கவர் வலப்பக்கம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். இன்னும் கொஞ்சம் சாயும்படி இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் மெல்லிய பலகை வைத்துப் பார்த்தேன், வண்டி ஆடியது, எடுத்துவிட்டேன். சாதாரண சாய்வே போதும், ஆயில் மறுபக்கம் ஒதுங்கிவிடும். கவரைத் திறந்தபோது ஒரு தேநீர் டம்ளர் அளவுகூட வரவில்லை. கிக்கர், பிரேக் மிதி, கிளட்ச் கேபிள் மூன்றையும் கழற்ற வேண்டியிருந்தது. கிக்கர் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று முதலிலேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை, மூன்று முறை மாட்டிக் கழற்றினேன்.

கவர் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஸ்வீட் பாக்ஸ் மூடியில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் ஓட்டை குத்தி, கழற்றக் கழற்ற அதே இடத்தில் செருகினேன். நீளமான போல்டைக் குட்டையான குழியில் போட்டு இறுக்கினால் கூடு விரிசல் விடும். குட்டையானதை நீளமான இடத்தில் போட்டால் இரண்டு மரையில் தொங்கி, என் வண்டிக்கு வந்த கதிதான் வரும்.

உள்ளே பார்த்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது. பழைய பேக்கிங்கோடு சேர்த்து யாரோ சிலிகானை வாரிப் பூசியிருந்தார்கள். வெளியே பிதுங்கியது துடைக்கப்பட்டிருக்கும். உள்ளே பிதுங்கியது சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு அறுந்து ஆயில் சல்லடையில் ஒட்டியிருந்தது. சல்லடை அடைத்தால் பம்புக்கு ஆயில் கிடைக்காது. ஐந்து துளி ஒழுகலால் என்ஜினுக்கு எதுவும் ஆகாது, இந்தச் சேமியாவால் ஆகும். அன்றிலிருந்து நல்ல காகித பேக்கிங்கில் நான் சிலிகானைத் தொடுவதே இல்லை. பேக்கிங் நழுவாமல் நிற்க ஒரு பக்கம் கிரீஸை மெல்லியதாகத் தடவினேன், அது போதும்.

ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்ட இரண்டு மணி நேரம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று கை துறுதுறுத்தது. அதன் மணல் துகள் என்ஜினுக்குள் போனால் தேய்மானம் தொடங்கிவிடும். பரப்பிலும் பள்ளம் விழும். பழைய ஏடிஎம் கார்டை உடைத்து, அதன் முனையால் சுரண்டினேன். டீசல் தொட்டு ஊறவைத்துச் சுரண்டினால் நன்றாக வருகிறது. இதற்கிடையில் கவரைச் சரியாக உட்காரவைக்கும் இரண்டு குட்டி உலோக முளைகளில் (டவல் பின்) ஒன்று உருண்டு பக்கத்து வீட்டுக் காருக்கு அடியில் போய், அவர் மாலை காரை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மரை போன குழிக்கு என்ன செய்வது? முறையான வழி ஹெலிகாயில்: குழியைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருளை இறக்குவது. அதற்கு முன் ஒரு ஈர்க்குச்சியைக் குழிக்குள் விட்டு ஆழம் அளந்தேன். பழைய போல்ட் உள்ளே போன தூரத்தைவிட ஏழு மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் இருந்தது. மேல் மரைதான் தேய்ந்திருந்தது, அடியில் தொடப்படாத மரை மிச்சம். ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடிய அதே அளவு போல்ட் ஒன்று பத்து ரூபாய். கையால் திருகியபோது கடைசி நாலு சுற்று கடித்துக்கொண்டு இறங்கியது. அந்த நிமிஷம் கிடைத்த சந்தோஷத்துக்கு விலையில்லை. குழியில் ஆழம் இருந்தால் மட்டும்தான் இது நடக்கும். அளக்காமல் நீளப் போல்டைத் திணிக்காதீர்கள்.

இறுக்கும் அளவுக்கு வருவோம். இந்த ஆறு மில்லிமீட்டர் போல்ட்களுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அப்போது என்னிடம் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கிடையாது. ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தது. போல்டின் மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டரில் ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, நேர் குறுக்காக இழுத்து, தராசு பத்து கிலோ காட்டியதும் நிறுத்தினேன். கணக்குப்படி அதுதான் 10 நியூட்டன் மீட்டர். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கினேன். மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “பைக்குக்கு எதுக்கு லக்கேஜ் தராசு?” என்றாள். சொன்னால் நம்பவா போகிறாள்.

ஆயில் அளவைச் சரிபார்த்து, அதே தரத்தில் ஊற்றினேன். கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்யும் வண்டிகளுக்கு டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயிலோ, ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் மருந்தோ ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. அதிகபட்ச அளவுக் கோட்டுக்கு மேல் ஆயில் இருந்தாலும், என்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி எந்த பேக்கிங்கும் வியர்க்கும். குழாயை ஊதிப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது.

இப்போது ஓடோமீட்டர் 89,000. அந்த கிளட்ச் கவரில் இந்த 28,000 கிலோமீட்டரில் ஒரு துளி இல்லை. நீளப் போல்ட் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன், நகர்வதில்லை. செலவு எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குள்.

2024இல் இன்னொரு இடம். இந்த முறை இடப்பக்கம், கியர் மிதி நுழையும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல். இது கொஞ்சம் அவசரம். செயின் பக்கம் ஒழுகுகிற ஆயில் பின் டயருக்குப் போனால், மழை நாளில் வளைவில் வண்டி நம்மைக் கேட்காமலே படுத்துவிடும். டயரில் ஆயில் பட்டிருந்தால் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் கூடாது. பழைய சீலைக் கொக்கியால் நெம்பி எடுத்தேன், தண்டில் கோடு விழாமல். சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சடித்திருக்கும். அதைக் காட்டினால் கடையில் உடனே எடுத்துத் தருவார்கள். தண்டின் முனையில் பல் இருப்பதால், மெல்லிய டேப் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி நுழைத்தேன். முதல் சீலை டேப் இல்லாமல் நுழைத்து உதட்டைக் கிழித்துக்கொண்டது தனிக்கதை. நாற்பது ரூபாய் பாடம்.

சிலிண்டருக்குக் கீழே அடி பேக்கிங், கிராங்க் சீல் இவற்றில் ஒழுகினால் நான் தொடமாட்டேன். அதற்குக் கருவியும் இடமும் வேண்டும், கிரானைட் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. பழைய ஆயிலை நான் இரண்டு லிட்டர் பாட்டிலில் சேர்த்து, அதே தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன். சாக்கடையில் ஊற்றும் வேலை வேண்டாம். அவர் இப்போது என்னைப் பார்த்தால், “என்ன சார், எப்போ கடை தொறக்கப் போறீங்க?” என்கிறார்.

போன மாதத்திலிருந்து என்ஜின் தலையில் இருக்கும் டப்பெட் கவர் ஓரத்தில் லேசான ஈரம். சொட்டவில்லை, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பவுடர் போட்டுப் பார்த்தேன். அதை அடைக்கும் ரப்பர் வளையம், ஓ ரிங், காய்ந்து கெட்டியாகியிருக்க வேண்டும். புது ஓ ரிங் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மாற்ற வேண்டும். ஓனர் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, வண்டிக்கு அடியில் அட்டை விரித்திருக்கிறேன்.