வயிறு கேட்காதபோது: உணவா, மனப் பயிற்சியா, மாத்திரையா?

கொலோனோஸ்கோபி நார்மல். ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலி மட்டும் விட்டபாடில்லை. சாப்பிட்டு எழுந்தால் உப்புசம், ஒரு வாரம் மலச்சிக்கல், மறு வாரம் வயிற்றுப்போக்கு. கடைசியில் மருத்துவர் சீட்டில் ‘ஐபிஎஸ்’ (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது எரிச்சல் குடல் நோய்) என்று எழுதிவிட்டு, “டென்ஷனைக் குறைச்சுக்குங்க” என்கிறார். வருகிறவருக்கு அந்த வார்த்தைதான் சுடுகிறது. ‘அப்படியென்றால் இதெல்லாம் என் கற்பனையா?’

கற்பனை இல்லை. 1973-இல் ரிச்சி என்ற மருத்துவர் பெருங்குடலின் கீழ்ப்பகுதிக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். மற்றவர்களில் வெகு சிலருக்கே வலித்த அதே அளவில், ஐபிஎஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலித்தது. 2017-இல் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் இதை எம்ஆர்ஐ மூலம் இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். இன்யூலின் என்ற நார்ப்பொருளைச் சாப்பிடக் கொடுத்தபோது நோயாளிகளின் பெருங்குடலிலும் ஆரோக்கியமானவர்களின் பெருங்குடலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வாயுதான் சேர்ந்தது. அதிகம் அவதிப்பட்டது நோயாளிகள்தான். விரிவது ஒரே அளவுதான், உணர்வதில்தான் வித்தியாசம்.

மூன்று சிகிச்சை வழிகளையும் ஒப்பிட இந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்குப் போதும். குடலை விரியவைக்கும் பொருளைக் குறைப்பது உணவு வழி. விரிவதை நரம்பும் மூளையும் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதை மாற்றுவது மற்ற இரண்டும். ஒரே பிரச்சினையை இரண்டு முனைகளிலிருந்து பிடிக்கிறார்கள். அதனால்தான் பலன்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையை உணவில் கை வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு பொய்யாக நார்மல் காட்டக்கூடும்.

உணவு வழி

இன்று அதிகம் பேசப்படுவது ‘லோ ஃபாட்மேப்’ டயட். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நீரை இழுத்து, பெருங்குடலில் புளித்து வாயுவாகும் சில சர்க்கரை வகைகளைக் குறைப்பதே இதன் அடிப்படை. கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு வகைகள், பால், ஆப்பிள் எல்லாம் பட்டியலில் வரும்.

படிக்க எளிது, செய்வது கடினம். வெங்காயத்தைத் தட்டிலிருந்து ஒதுக்கிவிடலாம். பாக்கெட் உணவில் பொடியாகக் கலந்திருக்கும் வெங்காயத்தை ஒதுக்க முடியாது. ‘நார்ச்சத்து சேர்த்தது’ என்று பெருமையாக அச்சடித்த பொருளைத் திருப்பிப் பார்த்தால், மேலே சொன்ன அதே இன்யூலின் இருக்கும். சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் அதே பட்டியலில் வரும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி. கூடவே ஒரு நல்ல செய்தி: பூண்டில் தொந்தரவு தரும் ஃப்ரக்டன் என்ற சர்க்கரை வகை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டால் மணம் மட்டும் தங்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. கடுமையான கட்டுப்பாடு இரண்டிலிருந்து ஆறு வாரங்களுக்கு மட்டுமே. அதன் பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, மற்றதையெல்லாம் மறுபடி சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். முதல் கட்டத்திலேயே நின்றுபோகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நல்ல பாக்டீரியாக்களான பிஃபிடோ வகை இந்த டயட்டில் குறைகிறது என்று 2012 முதலே தெரியும். வருடக்கணக்கில் நீட்டுவது நல்லதல்ல.

கோதுமையை விட்டதும் சரியாகிவிட்டது, ஆகவே குளூட்டன்தான் எதிரி என்று நம்புகிறவர்கள் 2018-இல் நார்வேயில் நடந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே சொன்ன 59 பேருக்கு எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு தந்தது குளூட்டனைவிட, கோதுமையிலும் இருக்கும் ஃப்ரக்டன்தான்.

சரி, எவ்வளவு பலன்? ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 294 பேர். நான்கு வாரங்களில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் லோ ஃபாட்மேப் குழுவில் 76 சதவீதம், மாவுச்சத்தைக் குறைத்த இன்னொரு டயட்டில் 71, வழக்கமான மருந்துகளில் 58. எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் தான் என்ன டயட்டில் இருக்கிறோம் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியும். எதிர்பார்ப்பும் இந்த எண்ணுக்குள் இருக்கிறது. ஸ்வீடனிலேயே 75 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், கொழுப்பையும் காபியையும் குறையுங்கள்’ என்ற பழைய அறிவுரையும் லோ ஃபாட்மேப் அளவுக்கே வேலை செய்தது. அதனால் முதலில் ஒரு மாதம் அந்த எளிய அறிவுரையைப் பின்பற்றுங்கள், பட்டியலைப் பிறகு பார்க்கலாம் என்றே சொல்வேன்.

மன வழி

ஹிப்னோதெரபி என்றாலே மேடையில் ஆளை மயக்கும் வித்தைதான் நினைவுக்கு வரும். குடலுக்கான ஹிப்னோதெரபியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. கண்மூடிச் சாய்ந்திருப்பவரை வயிற்றின் மேல் கை வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கையின் சூடு உள்ளே பரவுவதை உணரச் சொல்கிறார்கள். குடலின் ஓட்டத்தை ஒரு நதியாக நினைத்து அதை நிதானப்படுத்தவோ வேகப்படுத்தவோ பழக்குகிறார்கள். வீட்டிலும் தினமும் பயிற்சி உண்டு. மான்செஸ்டரில் வோர்வெல் 1984-இல் எந்தச் சிகிச்சைக்கும் அசையாத 30 நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டியபோதுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

டயட்டையும் ஹிப்னோதெரபியையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு மோனாஷிலிருந்தே 2016-இல் வந்தது. லோ ஃபாட்மேப்பை உருவாக்கிய இடமே தன் டயட்டுக்குப் போட்டியை அழைத்துச் சோதித்தது பாராட்டத்தக்கது. 74 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: டயட், ஹிப்னோதெரபி, இரண்டும் சேர்த்து. ஆறு வாரத்தில் மூன்று குழுக்களிலும் முன்னேறியவர்கள் 71, 72 சதவீதம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. கவலை, மனச்சோர்வு அளவுகளில் மட்டும் ஹிப்னோதெரபி முந்தியது. ஆய்வு சிறியது, சும்மா விட்டுப் பார்த்த குழுவும் இல்லை. நெதர்லாந்தில் 354 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு கொஞ்சம் நிதானமான படத்தைத் தருகிறது: மூன்று மாதத்தில் போதிய நிவாரணம் கண்டவர்கள் தனி அமர்வுகளில் 40.8 சதவீதம், குழு அமர்வுகளில் 33.2, வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 16.7. நான் இந்த எண்களையே நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறேன்.

சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் 558 பேரிடம் நடந்த ஆய்வில் தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் கொடுத்தது, ஒரு வருடம் கழித்தும் வழக்கமான சிகிச்சையைவிட மேலாக இருந்தது. பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மனம் வழியாகக் குணமாவதால் நோய் மனதில்தான் பிறந்தது என்று ஆகிவிடாது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-இல் குடிநீர் கெட்டுப் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தொற்று வந்ததாக மருத்துவ ரீதியாகக் கருதப்பட்டவர்களில் 36 சதவீதம் பேருக்குப் பின்னாளில் ஐபிஎஸ் இருந்தது. தொற்று வராதவர்களில் 10 சதவீதம். அங்கே தொடங்கியது கிருமி. ஆஸ்திரேலியாவில் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் பாதை இரு பக்கமும் ஓடியது: கவலை இருந்தவர்களுக்குப் பிறகு வயிற்றுத் தொந்தரவு வந்தது, வயிற்றுத் தொந்தரவு மட்டும் இருந்தவர்களுக்குப் பிறகு கவலை வந்தது.

மாத்திரை வழி

அமிட்ரிப்டிலின் பழைய மனச்சோர்வு மருந்து. பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, ‘எனக்குப் பைத்தியமா?’ என்று மாத்திரையைத் தூக்கிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மில்லிகிராமுக்கு மேல் தருவார்கள். குடலுக்குத் தருவது இரவில் 10, தேவைப்பட்டால் 30 வரை. 2023-இல் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வில் 463 பேர். ஆறு மாதத்தில் நிவாரணம் கண்டவர்கள் மாத்திரையில் 61 சதவீதம், வெற்று மாத்திரையில் 45. கவலை, மனச்சோர்வு அளவுகள் இரு குழுக்களிலும் வேறுபடவில்லை. அதாவது மனநிலையை மாற்றாமலேயே வயிறு தேறியது. மருத்துவர்கள் சீட்டு எழுதும்போது இந்த ஒரு வரியைச் சொன்னாலே பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்வார்கள்.

வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், மலச்சிக்கலைக் கூட்டலாம். பக்கவிளைவால் நிறுத்தியவர்கள் 13 சதவீதம், வெற்று மாத்திரையில் 9. இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் மருத்துவரிடம் பேசாமல் தொடவே கூடாது. இது மூன்று வழிகளிலும் மலிவானது, முயற்சி குறைவானது. எண்களில் ஆதாரம் சுத்தமானதும் இதற்குத்தான், ஏனென்றால் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பது மறைக்கப்பட்டிருந்தது.

யாருக்கு எது

எதைச் சாப்பிட்டால் வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர், வீட்டில் சமைக்க நேரம் இருப்பவர் என்றால் உணவு வழி. உணவியல் நிபுணர் துணை வேண்டும். ஏற்கெனவே பயந்து பயந்து சாப்பிட்டு எடை குறைந்தவருக்கும், உண்ணும் கோளாறு இருந்தவருக்கும் டயட்டைப் பரிந்துரைக்கவே கூடாது. அவர்களுக்கு மன வழிதான் முதலில். இன்னொரு பட்டியலைக் கையில் கொடுத்தால் தட்டு இன்னும் சுருங்கிப்போகும்.

வயிற்றுப்போக்கு அதிகம், இரவுத் தூக்கமும் கெட்டிருக்கிறது என்பவருக்கு நான் முதலில் யோசிப்பது மாத்திரையைத்தான். தூக்கத்தை இங்கே சும்மா சேர்க்கவில்லை. நாட்குறிப்பு எழுதவைத்து நடத்திய ஆய்வுகளில், சரியாகத் தூங்கவில்லை என்று எழுதிய இரவுக்கு மறுநாள் வயிறு அதிகம் படுத்தியது. அமிட்ரிப்டிலினின் தூக்கக் கலக்கம், சரியான ஆளுக்கு இரவில் கொடுத்தால், உபகாரமாகவே ஆகிவிடும். மலச்சிக்கல்காரருக்கு அதே மாத்திரை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

எதை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. டயட்டுக்கு ஆறு வாரம், மாத்திரைக்கும் ஏறக்குறைய அவ்வளவு, ஹிப்னோதெரபிக்கு ஆறு முதல் பன்னிரண்டு அமர்வுகள். தினமும் வலி எவ்வளவு, தூக்கம் எப்படி என்று பத்துக்கு இத்தனை என்ற கணக்கில் ஒரு வரி எழுதிவைத்தால், மருத்துவரைத் திரும்பப் பார்க்கும்போது ‘பரவாயில்லை போலத்தான் இருக்கு’ என்று தடுமாற வேண்டியிருக்காது. அந்தக் காகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் தயங்காமல் அடுத்த வழிக்குப் போய்விடலாம். டயட் கைகொடுக்காதவருக்கு ஹிப்னோதெரபி கைகொடுக்கலாம், ஏனென்றால் அது பிடிப்பது மறுமுனையை.