பிடிதுணி பின்னும் கிட்: ஊசி அருமை, நூலை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்

சூடான பாத்திரத்தை இறக்க எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் பழைய வேட்டியைக் கிழித்த கரித்துணிதான். பின்னல் பழகி ஒரு வருஷம் ஆனதும், மஃப்ளரும் குல்லாயும் நம் ஊர் வெயிலில் யாருக்கு வேண்டும், தினமும் கையில் எடுக்கிற ஒன்றைப் பின்னலாமே என்று தோன்றியது. ஆன்லைனில் பிடிதுணி பின்னுவதற்கென்றே விற்கிற கிட் ஒன்றை 649 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கி மூன்று மாதம் ஆகிறது, பின்னியதைத் தினமும் அடுப்படியில் கையாண்டு பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி ஒரு ஜோடி, குரோஷா ஊசி ஒன்று, ஓரம் தைக்க மொட்டை ஊசி, 50 கிராம் நூல் உருண்டை நான்கு, படம் போட்ட விளக்கத் தாள் ஒன்று. ஊசிகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. அலுமினிய ஊசியில் வியர்த்த கையோடு பின்னும்போது கண்ணிகள் (ஊசியில் நிற்கிற நூல் வளையங்கள்) சரசரவென்று நழுவிவிடும், மூங்கிலில் அந்தத் தொல்லை இல்லை. தாளும் தெளிவு: 36 கண்ணி ஏற்று, எல்லா வரிசையும் வெறும் நிட் என்கிற அடிப்படைப் பின்னல், 72 வரிசையில் எட்டு அங்குலச் சதுரம். இந்தப் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒரு வரம்பு மேடாகத் தெரியும், எத்தனை கண்ணியோ அத்தனை வரம்பு வந்தால் சதுரம் என்று எண்ணிக்கொள்ளலாம், அளவு நாடாவே வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களும் இரண்டு மாலையில் ஒன்றை முடித்துவிடலாம்.

பிரச்சினை நூலில். விற்பனைப் பக்கத்தில் 'காட்டன் நூல்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், உருண்டையைச் சுற்றியிருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் 'காட்டன் பிளெண்ட்', அதாவது பருத்தியோடு வேறு இழை கலந்தது, என்று இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். இரண்டாவது வாரம், இரும்பு தோசைக்கல்லை அந்தப் பிடிதுணியால் பிடித்து நகர்த்தினேன். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, துணி கல்லோடு ஒட்டிக்கொண்டது, இழுத்ததில் கட்டைவிரல் கல்லில் பட்டுக் கொப்புளம் வந்துவிட்டது. துணியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓரிடம் பளபளவென்று இறுகிக் கிடந்தது. நல்ல சூட்டில் இருக்கிற தோசைக்கல் சாதாரணமாகவே 200 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டில் இப்படிக் கலக்கிற அக்ரிலிக் என்கிற செயற்கை இழை இளகி ஒட்டும். பருத்தி உருகாது. மிஞ்சினால் பழுப்பேறும், அதற்குள் கையை எடுக்க நமக்கு நேரம் இருக்கும். இளகின அக்ரிலிக் தோலில் ஒட்டினால் அந்த நேரம் கிடைக்காது.

அதனால் எந்த நூலை வாங்கினாலும் முதலில் நாலு அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். அக்ரிலிக் கலந்திருந்தால் நுனி சுருண்டு கறுப்பாக, கெட்டியான மணி போல நிற்கும். என் கிட்டில் நான்கு உருண்டையும் அப்படித்தான் நின்றன. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன், பணத்தைத் திருப்பிவிட்டார்கள், ஆனால் விற்பனைப் பக்கத்தில் 'காட்டன் நூல்' இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

அப்புறம் கரூரில் இருக்கும் சித்தியிடம் சொன்னேன். வெளிநாட்டுச் சமையலறைகளுக்குப் பிடிதுணியும் கையுறையும் ஏப்ரனும் ஏற்றுமதி ஆகிற ஊர், அங்கே நூலுக்கா பஞ்சம்? 10-ஆம் கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்கிற எண்) பருத்தி நூல் ஒரு கோன், அதாவது கூம்பாகச் சுற்றிய பெரிய கண்டு, அனுப்பினார். தனி இழை மெல்லிசு, இந்த ஊசிக்கு எட்டு இழை சேர்த்தால்தான் சரியான பருமன் வருகிறது. எட்டுச் சின்ன உருண்டையாகச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுப் பின்னினேன். சுற்றுகிற வேலை அலுப்புத்தான், ஒரு சாயங்காலமே போய்விட்டது. ஆனால் வந்த துணியைக் கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிந்தது: கனம், வழுக்காத பிடி. கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசலாம். மஞ்சள் கறை பட்டால் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும்.

அளவையும் மாற்றினேன். எட்டு அங்குலம் என்பது ஓவனிலிருந்து தட்டை எடுக்கிறவர்களுக்குச் சரி. நாம் குண்டானையும் சட்டியையும் வாய் விளிம்பில் இரண்டு கையாலும் பிடித்து இறக்குகிறவர்கள், கீழே தீ எரிந்துகொண்டிருக்கும், அந்த அளவில் பாதித் துணி தொங்கித் தீயை நோக்கிப் போகிறது. 27 கண்ணி ஏற்றி 108 வரிசை நீளமாகப் பின்னி, நடுவில் மடித்து மூன்று பக்கமும் தைத்தால் ஆறு அங்குலத்தில் இரட்டைத் துணி கிடைக்கும். இரண்டு மடிப்புக்கும் நடுவே நிற்கிற காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. இதையே ஜோடியாகப் பின்னிக்கொள்ளுங்கள், ஒன்று போதாது.

அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே வெள்ளையில் அரக்குப் பட்டை வைத்துத்தான் பின்னுகிறேன், சுவரில் மாட்டினால் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் தாளின் பின்பக்கத்தில் கொடுத்திருக்கிற பூ டிசைன் முழுக்க ஓட்டை, சோறு வடிக்கும்போது ஆவி நேராக விரலுக்கு வரும். அந்த டிசைனில் வருகிற குஞ்சலத்தையும் விட்டுவிடுங்கள், தொங்குகிற நூலைத் தீ சட்டென்று பிடிக்கும். ஒரே வரிசைக்குள் இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிப் பின்னினால் பின்பக்கம் ஓடுகிற நூலே இன்னொரு அடுக்காகித் தடிமன் கூடும், அழகுக்கு அழகும் ஆயிற்று. முதன்முறை அரக்கு நூலைத் தனியாகத் துவையுங்கள், சாயம் விடுகிறது.

வீட்டில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது இன்னொன்று: மேடை துடைத்த ஈரக் கையோடு இதை எடுக்கக் கூடாது. நனைந்த பருத்தியில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். அதற்காகவே துடைக்கிற துணியை ஒரு ஆணியிலும் பிடிதுணி ஜோடியை அடுப்புக்கு எட்டாத இன்னொரு ஆணியிலும் மாட்டியிருக்கிறேன்.

கிட்டை வாங்கலாமா என்றால், ஊசிக்காகவும் முன்பக்கச் செய்முறைக்காகவும் வாங்கலாம், ஐந்துக்கு இரண்டரை தருவேன். ஊசியும் சுத்தப் பருத்தி நூலும் தனித்தனியாகக் கிடைத்தால் கிட்டே தேவையில்லை. சித்தி அனுப்பிய கோனில் ஆறு ஜோடி முடித்துவிட்டேன், இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.