கூரை வழியே வரும் சத்தம்: ராக்வுல்லா, கிளாஸ்வுல்லா, ஃபோமா?

ஃபால்ஸ் சீலிங்குக்குள் பஞ்சு வைப்பது அந்த இடைவெளியில் அதிரும் காற்றை அடக்கத்தான். சத்தத்தை மறிக்கிற வேலை ஜிப்சம் போர்டின் எடையுடையது. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) கனமீட்டருக்கு 40 முதல் 60 கிலோ அடர்த்தியில் கிடைக்கும். விறைப்பாக நிற்கும், தொய்யாது. 1000 டிகிரி வரை உருகாது. கிளாஸ்வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) லேசானது, சுருட்டி ஏற்றலாம், பெரும்பாலும் விலையும் குறைவு. ஒரே தடிமனில் இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு டெசிபல்தான். காதுக்குத் தெரியவே தெரியாது. 50 மி.மீ. ராக்வுல்லைவிட 100 மி.மீ. கிளாஸ்வுல் நல்ல தேர்வு. நூறு கிலோவுக்கு மேற்பட்ட அடர்த்திப் பலகை வீண் செலவு. எதையும் அமுக்கித் திணிக்கக் கூடாது. மேலும் கீழும் இறுக முட்டினால் அதிர்வு அதன் வழியே இறங்கும். இரண்டுமே அரிக்கும், கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். அதன் துளைகள் மூடியவை, காற்று உள்ளே போகாது, சத்தம் அடங்காது. கெட்டியாக இறுகும் ஸ்ப்ரே ஃபோமும் அப்படித்தான், போதாக்குறைக்குச் சட்டத்தையும் போர்டையும் ஒட்டிப் பிணைத்துவிடும். முட்டை அட்டை போன்ற ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். மாடிச் சத்தத்தை நிறுத்தாது.

காலடியும் நாற்காலி இழுக்கும் ஓசையும் கான்கிரீட்டிலிருந்து கம்பி வழியே சட்டத்துக்கு இறங்குபவை. அதற்குப் பஞ்சு போதாது, ரப்பர் வைத்த ஹேங்கர் (சட்டத்தைத் தொங்கவிடும் பிடி) வேண்டும். கீழே 12.5 மி.மீ. போர்டு இரண்டு அடுக்கு, இணைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று வராதபடி. 12 சதுர மீட்டர் அறைக்கு இது 200 கிலோவைத் தாண்டும். எத்தனை ஹேங்கர் என்பதை இந்த எடையை வைத்துக் கணக்கிடுங்கள். நீள ஸ்குரூ சேனலை (சட்டத்தின் உலோகப் பட்டையை) துளைத்து மேலே தொட்டால் ரப்பர் இருந்தும் பயனில்லை.

பெரும்பாலும் வேலை கெடுவது ஓரத்தில்தான். போர்டு சுவரைத் தொடாமல் 5 மி.மீ. விட்டு, இறுகாத அக்கூஸ்டிக் சீலன்ட் (ஒலி கசியாமல் இடைவெளியை அடைக்கும் பசை) நிரப்புங்கள். சுவருக்குப் பூசும் பட்டி (putty) வைத்தால் வெடிக்கும். கூரைப் பரப்பில் ஒரு சதவீதம் திறந்திருந்தாலே மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆகவே போர்டை வெட்டிப் பதிக்கும் விளக்குகளைத் தவிர்த்து, போர்டின் பரப்பில் ஒட்டி மாட்டும் விளக்கே போடுங்கள்.

பணம் இழுபறியானால் ராக்வுல்லை விட்டு கிளாஸ்வுல்லுக்கு இறங்குங்கள். ரப்பர் ஹேங்கரிலும் இரண்டாம் அடுக்கிலும் கை வைக்காதீர்கள்.