உள்ளிருந்து ஒழுங்கா, வெளியிலிருந்து கட்டுப்பாடா?

ஓர் இயக்கம் தன் எல்லைக்குள் நிற்க இரண்டு வழிகள் உண்டு. அதன் உள்ளே இருக்கும் ஒன்றே விலகலை உணர்ந்து திருத்திக்கொள்ளலாம்; அல்லது வெளியே நிற்கும் ஒருவர் பார்த்துத் திருத்தலாம். முதலாவதைத் தன்னொழுங்கு என்றும் இரண்டாவதை வெளிக்கட்டுப்பாடு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இவற்றைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் சுதந்திரமா, கண்டிப்பா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: விலகலை முதலில் உணர்வது யார்? திருத்தத் தவறினால் இழப்பு யாருக்கு?

நீராவி எந்திரத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். வால்வைத் திறந்து மூட ஓர் ஆளை நிறுத்தினால், வேகம் மாறியதைக் கவனித்து அவர் கை நீட்டுவதற்குள் காலம் கடந்துவிடும். 1788-இல் ஜேம்ஸ் வாட் பொருத்திய வேகச்சீராக்கியில், சுழலும் இரண்டு குண்டுகள் வேகம் கூடும்போது விலகி உயர்ந்து நீராவியின் வழியைத் தாமே குறுக்கின. வேகம் தணிந்தால் தாழ்ந்து வழியை அகலமாக்கின. எனினும், தன்னொழுங்கு இருந்தாலே நிலைத்தன்மை வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சில சீராக்கிகள் தேவைக்கு மேல் திருத்தி எந்திரத்தை ஊசலாட வைத்தன. அந்த ஊசலாட்டம் எப்போது அடங்கும், எப்போது வளரும் என்பதை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இல் கணித வழியில் ஆராய்ந்தார்.

இரண்டு வழிகளையும் ஒரே களத்தில் வைத்துப் பார்க்க உடலைவிடச் சிறந்த இடம் இல்லை. நலமான உடலில் கணையத்தின் பீட்டா செல்கள் இரத்தச் சர்க்கரையை ஓயாமல் உணர்ந்துகொண்டிருக்கின்றன. சர்க்கரை ஏறினால் அவை இன்சுலினைச் சுரக்கின்றன; இறங்கினால் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரந்து கல்லீரலின் சேமிப்பை வெளிக்கொணர்கின்றன. உடலுக்கு உரியவருக்கு இது நடப்பதே தெரிவதில்லை. முதல் வகை நீரிழிவில் அந்தப் பீட்டா செல்கள் அழிந்துவிடுவதால், தானாக நடந்துவந்த வேலை முழுவதும் மனிதரின் விழிப்பின் மேல் வந்து விழுகிறது. அவர் விரலைக் குத்தி அளக்க வேண்டும், உண்ணப்போவதைக் கணக்கிட வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கணக்குத் தவறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி நினைவிழக்கவும் நேரலாம். 1922-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்டதிலிருந்து இந்த வெளிக்கட்டுப்பாடு எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அது இரவும் பகலும் கவனத்தைக் கேட்கிறது, அப்போதும் கணையத்தின் நுட்பத்தை எட்டுவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சர்க்கரை அளவுக்கேற்ப அடிப்படை இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்ப், இழந்த தன்னொழுங்கில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. ஆயினும் உணவைப் பற்றிப் பயனரே அதற்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

மனிதரின் தன்னடக்கத்தை வெறும் பிறவிக் குணமாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சிறுவர்களிடம் சொல்லிப் பார்த்த உளவியலாளர் வால்டர் மிஷெலின் சோதனை பெரும் புகழ் பெற்றது. ஆனால் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சற்று முன்பு வாக்குத் தவறிய பெரியவரிடம் சிறுவர்கள் சராசரியாக ஏறத்தாழ 3 நிமிடமும், வாக்கைக் காத்தவரிடம் 12 நிமிடமும் காத்திருந்தார்கள். வெளியே நம்பகம் இருந்தபோதுதான் உள்ளே அடக்கம் நீடித்தது.

தொழில்துறைகளில் இந்த ஒப்பீடு உயிர்களைத் தொடுகிறது. 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் எரிபொருள் பகுதியளவு உருகிய பிறகு, அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் தம் நிலையங்களின் பாதுகாப்பைத் தாமே கண்காணிக்க அவ்வாண்டே இன்போ என்னும் அமைப்பை நிறுவின. ஒரு நிலையத்தின் வல்லுநர்கள் இன்னொன்றை ஆய்வுசெய்வதும், அதன் தரமதிப்பீடு மற்ற நிறுவனத் தலைவர்களின் முன்னிலையில் பேசப்படுவதும் வழக்கமாயின. எங்கோ ஓர் உலையில் விபத்து நேர்ந்தால் துறை முழுவதும் முடங்கும் என்பதால் அண்டை நிலையத்தின் தவறு ஒவ்வொருவருக்கும் சொந்த இழப்பாகவே தெரிந்தது. பின்னால் அரசின் ஒழுங்குமுறை ஆணையமும் நின்றது. வேதித்துறையின் கதை வேறு. போபால் பேரழிவுக்கு அடுத்த ஆண்டில், 1985-இல், கனடாவில் தொடங்கிய, வேதி நிறுவனங்கள் பாதுகாப்பு நெறிகளைத் தாமே ஏற்கும் ரெஸ்பான்சிபிள் கேர் திட்டம் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே அதன் உறுப்பினர்கள் மாசு குறைப்பதில் உறுப்பினரல்லாதவர்களைவிட மெதுவாகவே முன்னேறினர் என்று ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் ஆகியோரின் ஆய்வு 2000-இல் காட்டியது. வெளியாரின் சரிபார்ப்பும் தண்டனையும் இல்லாத அந்த நாட்களில், பெயருக்குச் சேர்ந்தவருக்கும் மனமாரச் சேர்ந்தவருக்கும் கிடைத்த மதிப்பு ஒன்றே.

வெளிக்கட்டுப்பாட்டுக்கும் தன் பலவீனம் உண்டு. ஆய்வுக்கு உட்படும் தொழில்நுட்பத்தை நிறுவனத்தின் பொறியாளர் அளவுக்கு அரசு ஆய்வாளர் அறிந்திருப்பதில்லை. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானங்களுக்குச் சான்றளிக்கும் பணியில் பெரும்பங்கைப் போயிங் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. 737 மேக்ஸ் விமானத்தில் மூக்கைத் தானாகத் தாழ்த்தும் எம்கேஸ் அமைப்பு, எதிர்வரும் காற்றோடு விமானம் கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. ஒரே உணரியை நம்பிய மென்பொருளும், பெருமளவு உற்பத்தியாளரின் கண்ணையே நம்பிய மேற்பார்வையும் எனக்கு ஒரே பிழையின் இரு வடிவங்களாகத் தெரிகின்றன. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இவ்வகை விமானங்களுக்கு நேர்ந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தனர். அதன்பின் திருத்தப்பட்ட மென்பொருள் இரண்டு உணரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், சான்றளிக்கும் பொறுப்பை ஏற்கும் நிறுவன ஊழியர்களுக்கு அரசின் ஒப்புதலையும் வேண்டுகிறது.