கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்த ஆங்கில எழுத்துகள்: இரண்டரை வருட அனுபவம்

என் மகள் யூ.கே.ஜி. படித்தபோது 'ஷிப்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஸ்... ஹ்... இ... ப்' என்று ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துவிட்டு, அது என்ன சொல் என்று புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவள் மேல் தவறே இல்லை. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்றுதான் அதுவரை சொல்லிக்கொடுத்திருந்தேன். கடையில் வாங்கிய காந்த எழுத்துகளிலும் எஸ் தனி, ஹெச் தனி. எவ்வளவு நெருக்கி வைத்தாலும் அவள் கண்ணுக்கு அவை இரண்டுதான்.

அன்று இரவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நானே எழுத்துகள் செய்தேன். ஒற்றை எழுத்துக்குச் சதுரத் துண்டு. எஸ்-ஹெச், சி-ஹெச், டி-ஹெச், சி-கே, என்-ஜி ஆகிய ஐந்துக்கும் சற்று நீளமான துண்டு. இரண்டு எழுத்தும் ஒரே அட்டையில், பச்சை மையில். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் லாமினேஷன் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டு எழுத்து இருக்கு, ஏன் ஒரு சத்தம்?" என்று கேட்டாள். சிலேட்டில் 'கொ' எழுதிக் காட்டினேன். கொம்பு மட்டும் இருந்தால் 'கெ', கால் மட்டும் இருந்தால் 'கா'. இரண்டும் வந்தால் 'கெகா' என்றா படிக்கிறோம்? "இல்லம்மா, கொ" என்றாள். அதே கதைதான் இது என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். தமிழ் படிக்கும் குழந்தைக்கு இந்தச் சூட்சுமம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது; நாம்தான் எடுத்துக் கொடுப்பதில்லை.

அட்டையோடு கட்டங்களையும் சேர்த்துக்கொண்டேன். எல்கோனின் (Elkonin) என்ற ரஷ்ய உளவியலாளரின் பெயரால் அறியப்படும் முறை அது. சொல்லில் எத்தனை ஒலியோ அத்தனை கட்டம். 'ஃபிஷ்' என்றால் நான்கு எழுத்து, ஆனால் மூன்றே கட்டம். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தச் சொல்வேன், பிறகு கொட்டை இருந்த இடத்தில் எழுத்து அட்டை. தினம் பத்து நிமிடம், அதற்கு மேல் உட்கார வைத்ததில்லை.

சி-கே இரண்டே நாளில் வந்துவிட்டது. 'டக்', 'கிக்', 'ராக்' என்று குறில் ஒலிக்குப் பின்னால் சொல்லின் கடைசியில் வருவதால் குழப்பமில்லை. திணறடித்தவை மற்றவை. 'சாப்பாடு' என்று எழுதி 'ஸாப்பாடு' என்று பேசும் வீடு எங்களுடையது. ஸிப், ஷிப், சிப் மூன்றும் அவள் காதில் ஒன்றாகவே விழுந்தன. 'பச்சை', 'மிச்சம்' என்று சொல்லவைத்து, அந்த 'ச்ச'தான் சி-ஹெச் என்றேன். என்-ஜியில் வேறு சிக்கல். தமிழில் ங்-ஐத் தொடர்ந்து க வந்தே பழக்கம், அதனால் 'ரிங்' எல்லாம் 'ரிங்கு' ஆனது. 'தங்கம்' என்று ஆரம்பித்து 'தங்' என்பதோடு நிறுத்தும் விளையாட்டை ஒரு வாரம் விளையாடினோம். சரியாகிவிட்டது.

டி-ஹெச்தான் கடினம், ஏனென்றால் அதற்கு இரண்டு ஒலிகள். 'தட்', 'திஸ்' போன்றவற்றுக்கு 'அது' என்ற சொல் கைகொடுத்தது. அதிலுள்ள து-வைச் சொல்லும்போது நாக்கு பல்லில் அழுந்துவதில்லை. 'தின்', 'பாத்' போன்றவற்றுக்கு நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஊதச் சொன்னேன். மகளுக்கு ஒரு மாதம் ஆனது. அவளுக்குப் பின் அதே அட்டைகளில் படித்த மகனுக்கு மூன்று மாதம். அவசரப்படுத்தாமல் இருந்ததில் எனக்கு இன்றும் நிறைவு.

ஆறு மாதம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். 'சிக்' (chick) என்ற சொல்லுக்கு மேலே கோழிக்குஞ்சின் படம் இருந்த புத்தகத்தில் மகள் 'ஹென்' என்று படித்தாள். எழுத்தைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 40 சொற்களைப் படிக்கச் சொல்லி ஒரு சோதனை நடக்கிறது; அதில் 20 சொற்கள் பொருளே இல்லாதவை. அந்த யோசனையை எடுத்துக்கொண்டேன். 'ஷெப்' (shep), 'சாங்' (chong), 'விக்' (vick) என்று பொருளில்லாத சொற்களாக அட்டைகளை அடுக்கி, அது ஒரு பூதத்தின் பெயர் என்பேன். ஊகிக்க வழியில்லாதபோதுதான் குழந்தை உண்மையில் எழுத்தைப் படிக்கிறது.

குறைகளும் உண்டு. லாமினேஷன் ஒரு வருடத்தில் ஓரம் பிரிந்தது, இரண்டு முறை புதிதாகச் செய்தேன். பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். பள்ளியில் எழுத்தின் பெயரைச் சொல்லியே ஸ்பெல்லிங் ஒப்பிப்பதால் முதல் சில வாரங்கள் பிள்ளை எழுத்தின் பெயருக்கும் ஒலிக்கும் நடுவில் தடுமாறும். பி-ஹெச், டபிள்யூ-ஹெச் அட்டைகளையும் அந்த ஐந்தோடு சேர்த்து முதலிலேயே செய்ததும் தேவையில்லாத வேலை; ஒரு வருடம் அவை பெட்டியிலேயே கிடந்தன.

இப்போது எங்களுக்குப் பாடப்புத்தகம் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்தான். பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தைப் படித்துவிட்டுத் தமிழைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சேத்துப்பட்டின் சி-ஹெச் சுலபம். பரங்கிமலையின் ஆங்கிலப் பெயர் செயின்ட் தாமஸ் மவுன்ட்; அதில் 'தாமஸ்' என்ற சொல்லில் டி-ஹெச் வெறும் ட் ஆகிவிடுவதை மகள்தான் தம்பிக்குச் சொன்னாள். பழவந்தாங்கலில் ழ-வுக்கு இஸட்-ஹெச், பிறகு டி-ஹெச், பிறகு என்-ஜி. மகன் மூன்றையும் விரல்விட்டு எண்ணினான். குரோம்பேட்டை வந்ததும் 'ச்ரோம்' என்று ஆரம்பித்தவன், தமிழ்ப் பலகையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அம்மா, க்-னு சத்தம் போடுற சி-ஹெச்சுக்கு வேற கலர்ல ஒரு அட்டை வேணும்" என்றான். சிவப்பு மையில் இந்த வாரம் செய்து கொடுத்திருக்கிறேன்.