என்எஃப்எல் வாராந்திர பிக்: சொந்த எலோ ஷீட்டா, வேகஸ் லைனா?

ஆபீஸ் பூலுக்கு (எல்லாரும் சேர்ந்து ஆடுற கணிப்புப் போட்டி) வாராவாரம் என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக், கேம்ல யார் ஜெயிப்பாங்கன்னு பிக் போட இப்போ நான் பாக்குறது மணிலைன் மட்டும்தான், அதாவது யார் ஜெயிப்பாங்கங்கிறதுக்கு பெட்டிங் கடைக்காரங்க போடுற விலை; வேகஸ் லைன், லைன்னு நான் சொல்றது பெட்டிங் கடை நம்பரைத்தான். அதுக்கு முன்னாடி சொந்தமா ஒரு எலோ ஷீட் (டீம்களுக்கு ரேட்டிங் போடுற கணக்கு) ஓட்டிட்டு இருந்தேன், அதுவும் ஒண்ணும் மோசமில்ல, இன்னும் டிலீட் பண்ணல. ரெண்டையும் வெச்சு சீசன் ஓட்டினவன்ங்கிற முறையில எது எங்க நிக்குது, எங்க வழுக்குதுன்னு எழுதறேன். நான் லைன் பக்கம், நடுநிலை எல்லாம் எதிர்பாக்காதீங்க.

எங்க பூல் கான்ஃபிடன்ஸ் டைப். 16 கேம் இருக்கிற வாரம்னா ரொம்ப நிச்சயமா தோணுற கேமுக்கு 16, அடுத்ததுக்கு 15ன்னு இறங்கிட்டே வந்து கடைசி சந்தேகக் கேஸுக்கு 1. எல்லாம் சரியா விழுந்தா 136, அப்படி ஒரு வாரம் யாருக்கும் அமையாது. பை வீக் (டீம்களுக்கு ஓய்வு வாரம்) ஆரம்பிச்சா கேம் எண்ணிக்கை குறையும், மத்தபடி அதே கதை. இதுல யார் ஜெயிப்பாங்கங்கிறது பாதி கேள்விதான், எவ்வளவு நிச்சயமா ஜெயிப்பாங்கங்கிறது மீதி பாதி. உங்க பூல்ல சும்மா டீமை டிக் பண்ணா போதும்னா இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், ஃபேவரிட்டை (லைன்ல ஜெயிக்க அதிக சான்ஸ் இருக்கிற டீம்) டிக் பண்ணிட்டு போய்ட்டே இருங்க, மூணுல ரெண்டு பங்கு கேம் சுமாரா சரியா வரும்.

மத்த வழிகளை சட்டுனு தாண்டிடலாம். வெற்றி தோல்வி ரெக்கார்டை மட்டும் பாத்து போடறவங்க 2022 வைக்கிங்ஸை ஞாபகம் வெச்சுக்கோங்க, 13-4, ஆனா சீசன் முழுக்க சேத்து அவங்க அடிச்ச பாயிண்ட்டை விட வாங்கின பாயிண்ட் 3 அதிகம். ஒரு ஸ்கோர் வித்தியாசத்துல (8 பாயிண்ட்டுக்குள்ள) முடிஞ்ச 11 கேமையும் ஜெயிச்சிருந்தாங்க, அப்புறம் பிளேஆஃப் முதல் ரவுண்டுலயே சொந்த ஊர்ல ஜயன்ட்ஸ் கிட்ட 31-24 தோத்தாங்க. ஹோம் டீமைக் கண்ணை மூடிட்டு போடறவங்களுக்கு 2020 சீசன், ஸ்டேடியத்துல பாதிக்கு மேல ஆளே இல்லாத அந்த வருஷம் ஹோம் டீம்கள் 127 ஜெயிச்சு 128 தோத்தாங்க. ஒரு காலத்துல ஹோம்னா 3 பாயிண்ட்டுன்னு எல்லாரும் கணக்கு வெப்பாங்க, இப்போ அது 2 கூட தேறாதுன்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. டிவி எக்ஸ்பர்ட்டுங்க பிக் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, முக்கால்வாசி ஃபேவரிட்டைத்தான் போடறாங்க, மீதி கால்வாசி டிவில பேசறதுக்கு ஏதாச்சும் வேணுமேன்னு போடறது. பாக்க ஜாலியா இருக்கும், நானும் பாக்குறேன்.

எலோ விஷயத்துக்கு வருவோம். செஸ்ஸுக்காக அர்பத் எலோ போட்ட கணக்கு, அதை ஃபுட்பாலுக்கு மாத்தினது ஒண்ணும் கஷ்டமான வேலை இல்ல. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு நம்பர், ஜெயிச்சா ஏறும், தோத்தா இறங்கும், பலமான டீமை ஜெயிச்சா நிறைய ஏறும். ரெண்டு டீமுக்கும் 100 வித்தியாசம் இருந்தா மேல இருக்கிறவன் ஜெயிக்க 64 சதவீதம் சான்ஸ். ஃபைவ்தர்ட்டியெய்ட்ங்கிற புள்ளிவிவரக் கணிப்புத் தளக்காரங்க இதை வெச்சுத்தான் ரொம்ப வருஷம் என்எஃப்எல் கணிப்பு போட்டாங்க. 25 எலோ பாயிண்ட்டுன்னா ஸ்ப்ரெட்ல (எத்தனை பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிப்பாங்கங்கிற கணக்கு) 1 பாயிண்ட், புது சீசன் தொடங்கும்போது எல்லா டீமையும் மூணுல ஒரு பங்கு சராசரி பக்கம் இழுத்து விடுறதுன்னு அவங்க வெச்ச விதிகளைத்தான் நானும் ஷீட்ல அப்படியே எடுத்துக்கிட்டேன். ஒரு சாயங்காலத்துல கட்டிடலாம். நம்மளே கட்டினது, நம்மளே ஓட்டறோம்ங்கிற சுகம் இருக்கே, அதை லைன் தராது. ஒரு டீமோட நம்பர் செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எப்படி ஏறி இறங்குதுன்னு பாக்குறது தனி போதை.

பிரச்னை கட்டுறதுல இல்ல, பராமரிப்புலதான். செவ்வாய்க்கிழமை ஸ்கோர் போட்டு விடறது சும்மா பத்து நிமிஷ வேலை. லண்டன், மியூனிக்னு வெளிநாட்டுல ஆடுற கேமுக்கு ஹோம் அட்வான்டேஜை எடுத்து விடணும், அதுவும் பரவால்ல. ஆளைக் கொல்றது குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற முக்கியமான ஆள்) விஷயம்தான்.

2023 முதல் வாரம், மண்டே நைட், ஸ்டார் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்கு ஆட வந்து நாலாவது ஸ்னாப்லயே (நாலாவது ப்ளேலயே) குதிகால் தசைநார், அதான் அக்கிலீஸ், கிழிஞ்சு சீசனே முடிஞ்சுது. ஆனா அன்னைக்கு ஜெட்ஸ் பில்ஸை ஓவர்டைம்ல 22-16 ஜெயிச்சிட்டாங்க. இப்போ எலோ என்ன பண்ணும்? பில்ஸ் மாதிரி பெரிய டீமை ஜெயிச்சிருக்கான்னு ஜெட்ஸ் நம்பரை ஜம்முனு ஏத்தி விடும். நிஜத்துல அந்த டீம் ஒரே ராத்திரியில ரெண்டு படி கீழ போயிருக்கு, ஷீட்ல மேல போயிருக்கு. அடுத்த ஞாயிறு டாலஸ்ல கவ்பாய்ஸோட ஆட்டம். யாரைக் கேட்டாலும் கவ்பாய்ஸ்னுதான் சொல்வாங்க, எலோவும் அதையேதான் சொல்லும், ஆனா கான்ஃபிடன்ஸ் பூல்ல அது 8 பாயிண்ட் கேமா இல்ல 14 பாயிண்ட் கேமாங்கிறதுதான் கேள்வி. லைன் திங்கள் ராத்திரியே கவ்பாய்ஸ் பக்கம் பெருசா நகர்ந்துடுச்சு, ஆட்டமும் 30-10ன்னு முடிஞ்சுது.

இதை விட பளிச்சுன்னு ஒண்ணு வேணும்னா 2024 சீசனோட 18வது வாரம். சீஃப்ஸ் 15-1, பிளேஆஃபுக்கான முதல் சீட் (முதல் இடம்) ஏற்கனவே கையில, அதனால மெயின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸையும் பெரிய தலைகளையும் உட்கார வெச்சிட்டு பேக்கப் கார்சன் வென்ட்ஸை இறக்கினாங்க. டென்வர்ல ப்ராங்கோஸ் 38-0ன்னு அடிச்சு அனுப்பினாங்க. ரிசல்ட்டை மட்டும் தின்னு வாழுற எந்த ரேட்டிங்கா இருந்தாலும் அந்த காலைல சீஃப்ஸைத்தான் மேல வெச்சிருக்கும். லைன்ல ப்ராங்கோஸ்தான் பெரிய ஃபேவரிட். பராமரிக்காத எலோ ஷீட்டுங்கிறது போன வருஷ பஞ்சாங்கத்தை வெச்சு இந்த வருஷ அமாவாசை பாக்குற மாதிரி, கணக்கு தப்பில்ல, நாள்தான் வேற.

இதுக்கு வழி இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஃபைவ்தர்ட்டியெய்ட்டே 2019ல குவார்ட்டர்பேக்குக்குன்னு தனி ரேட்டிங் வெச்சு சரிக்கட்ட ஆரம்பிச்சாங்க. ஆனா அவங்களுக்கு அதுவே வேலை, நமக்கு அப்படியா? (2025 மார்ச்ல அந்த தளத்தையே இழுத்து மூடிட்டாங்க, அது வேற சோகம்.) 32 டீமுக்கும் மெயின் ஆள் யாரு, பேக்கப் யாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தனை பாயிண்ட் வித்தியாசம்னு ஒரு டேபிள் வெச்சு, புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் வர்ற இஞ்சுரி ரிப்போர்ட்ல யார் பிராக்டிஸ் பண்ணான், யார் பண்ணலைன்னு பாத்து, ‘கொஸ்டினபிள்’னு போட்டவன் நிஜமா ஆடுவானா மாட்டானான்னு யோசிச்சு, கிக்ஆஃபுக்கு 90 நிமிஷம் முன்னாடி வர்ற இன்ஆக்டிவ் லிஸ்ட்டையும் (அன்னைக்கு ஆடாதவங்க பட்டியல்) பாத்து ஷீட்டை மாத்தணும், இதெல்லாம் வாராவாரம், 18 வாரம், வேலைக்கும் போய்க்கிட்டு குழந்தையை நீச்சல் கிளாஸுக்கும் கூட்டிட்டுப் போய்க்கிட்டு. இத்தனையும் பண்ணா கிடைக்கிற நம்பர் என்ன தெரியுமா, கிட்டத்தட்ட லைன்ல இருக்கிற அதே நம்பர்!

லைனோட ஒரே பெரிய பலம் எனக்கு இதுதான், பராமரிப்பு முழுக்க அடுத்தவன் செலவு. நிஜப் பணம் போடறவங்க எல்லாரும் அந்த இஞ்சுரி ரிப்போர்ட்டைப் பாத்து, காத்து, மழை, மூணு நாள்ல ரெண்டாவது ஃப்ளைட் எல்லாத்தையும் பாத்து அந்த நம்பரைத் தள்ளித் தள்ளி ஒரு இடத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க, நான் ஞாயிறு காலைல காபியோட போய் காப்பி அடிச்சுக்கிறேன். பெட் கட்டச் சொல்லலீங்க, நம்பரைப் பாக்க காசு கேக்க மாட்டாங்க. 2018ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நியூ ஜெர்சி கேஸ்ல ஸ்போர்ட்ஸ் பெட்டிங் தடையை எடுத்ததுல இருந்து இந்த நம்பர் டிவி, ஆப்னு எங்க பாத்தாலும் ஓடுது.

பாக்கும்போது ஸ்ப்ரெட்டை விட்டுட்டு மணிலைனைப் பாருங்க. ஃபுட்பால்ல 3 பாயிண்ட் வித்தியாசத்துல முடியுற கேம் மத்த எந்த வித்தியாசத்தையும் விட அதிகம், அதுக்கடுத்து 7. அதனால ஸ்ப்ரெட் 2.5ல இருந்து 3.5க்கு போறதும் 4.5ல இருந்து 5.5க்கு போறதும் ஒண்ணு கிடையாது, முதல்ல சொன்னது நிஜமாவே பெரிய நகர்வு. மணிலைன்ல அது தானாவே கணக்குல வந்துடும். ஃபேவரிட் -180, எதிர் டீம் +150ன்னு இருந்தா (180 கட்டினா 100 லாபம், 100 கட்டினா 150 லாபம்னு அர்த்தம்), 180ஐ 280ஆல வகுத்தா 64 சதவீதம், எதிர்ப்பக்கம் 100ஐ 250ஆல வகுத்தா 40. கூட்டினா 104 வருது, அந்த மேல் 4 கடைக்காரன் லாபம், அதைக் கழிச்சா ஃபேவரிட்டுக்கு சுமாரா 62. ஆனா பூலுக்கு இவ்வளவு கூட வேண்டாம், மைனஸ்ல பெரிய நம்பர்ல இருந்து சின்ன நம்பர் வரைக்கும் வரிசையா அடுக்கி 16, 15, 14ன்னு போட்டுக்கிட்டே வந்தா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்.

கவுக்காதான்னா கவுக்கும். 2021ல ஜாகுவார்ஸ் பில்ஸை 9-6ன்னு ஜெயிச்சாங்களே, பில்ஸ் ரெண்டு டச்டவுனுக்கு மேல ஃபேவரிட், அன்னைக்கு பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனை சாக் பண்ணது (பந்தை எறியறதுக்குள்ள கீழ தள்ளுறது), அவன் பால இன்டர்செப்ட் பண்ணது எல்லாம் ஜாகுவார்ஸ்ல இருந்த இன்னொரு ஜாஷ் ஆலன். இதை எந்த ஷீட்டு சொல்லும், எந்த லைன் சொல்லும். அதுக்கு முந்தின வருஷம் 0-13ல இருந்த ஜெட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போய் ராம்ஸை 23-20 ஜெயிச்சாங்க. மேல இருக்கிற 16 பாயிண்ட் இப்படி காத்துல போற வாரம் வரத்தான் செய்யும், அதுக்காக அடுத்த வாரம் பயந்து வரிசையை மாத்தாதீங்க.

ஆனா ஒரு இடத்துல என் பேச்சு கொஞ்சம் தளரும். பூல் எப்போ லாக் ஆகுதுங்கிறதைப் பொறுத்து இது மாறும். ஒவ்வொரு கேமும் அதோட கிக்ஆஃப்ல லாக் ஆகுதுன்னா லைனுக்கு ஈடு கிடையாது. மொத்த ஷீட்டையும் வியாழன் நைட் கேமுக்கு முன்னாடியே கொடுத்துடணும்னா, அப்போ லைன்லயும் பாதி தகவல்தான் ஏறியிருக்கும், ரெண்டுக்கும் இருக்கிற இடைவெளி சுருங்கும். எங்க பூல் முதல் வகை, அதனால ரெண்டாவது வகைல எவ்வளவு சுருங்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது.

இன்னொண்ணு, எல்லாருமே லைனைப் பாத்து அடுக்கினா எல்லாருக்கும் ஒரே ஷீட்தான். சீசன் மொத்தத்துக்கும் சேத்து பரிசுன்னா பரவால்ல, பொறுமையா மேல்பாதியில உட்கார்ந்திருக்கலாம், மத்தவங்க அவங்கவங்க ஊர் டீம் மேல பாசத்துல பாயிண்ட்டை இறைப்பாங்க (எங்க ஆபீஸ்ல ஈகிள்ஸ் ஃபேன்ஸ் இருக்காங்க, அவங்களால எனக்கு நல்ல லாபம்). வாரப் பரிசு வேணும்னா எங்கயாச்சும் கூட்டத்தை விட்டு விலகணும், அங்கதான் பழைய எலோ ஷீட்டை எடுக்கிறேன். லைன்ல கிட்டத்தட்ட சமமா இருக்கிற ரெண்டு கேம், ரெண்டு பக்கமும் குவார்ட்டர்பேக் நலமா இருக்கான், எலோ அண்டர்டாக் (ஃபேவரிட்டுக்கு எதிர் டீம்) பக்கம் சாயுதுன்னா மட்டும் அதை எடுத்து 5, 6 பாயிண்ட் வரைக்கும் போடறேன். அந்த ரெண்டு கேமைத் தவிர வேற எதையும் தொடறதில்ல. இது லைனை விட நல்லா வேலை செய்யுதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு கேமை வெச்சு அதிர்ஷ்டத்தையும் அறிவையும் பிரிக்க முடியாது.

சர்வைவர் பூல் ஆடறவங்களுக்கு இது பாதிதான் உதவும். அங்க ஒரு டீமை ஒரு தடவைதான் எடுக்கலாம், தோத்தா வெளிய, அதனால இந்த வாரம் யார் பலம்ங்கிறதோட நவம்பர்ல எந்த டீமுக்கு சுலபமான மேட்ச் இருக்குன்னும் பாக்கணும். நவம்பர் கேமுக்கு செப்டம்பர்ல மணிலைன் இருக்காது, ரேட்டிங் மாதிரி ஏதாச்சும் ஒண்ணு வேணும், அதுக்கு எலோ உபயோகப்படும்னு நினைக்கிறேன், நான் சர்வைவர் அதிகம் ஆடினதில்ல.

டைபிரேக்கர் (பாயிண்ட் சமமானா யார் ஜெயிச்சதுன்னு முடிவு பண்ற கேள்வி) மறந்துட்டேனே. மண்டே நைட் கேமோட மொத்த ஸ்கோர் என்னன்னு கேப்பாங்க, எலோ ஷீட் அதுக்கு வாயே திறக்காது, ஓவர்-அண்டர் நம்பர் (ரெண்டு டீமும் சேத்து அடிக்கிற மொத்த பாயிண்ட்டுக்கான பெட்டிங் கணிப்பு) லைனுக்கு பக்கத்துலயே இருக்கும். அதையே அப்படியே போடாம 44.5ன்னா 43ன்னோ 47ன்னோ போடுங்க, 44ம் 45ம் போடறதுக்கு பூல்ல ஏற்கனவே நிறைய பேர் இருப்பாங்க.