குதிரைக் காலில் சேற்றுப்புண்: டப்பா களிம்புக்கு ₹9,000 அழுத கதை

கொடைக்கானல் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினேன். நான்கு காலும் வெள்ளை, முகத்தில் வெள்ளைப் பட்டை. அசல் பஞ்ச கல்யாணி. கூட வந்த சித்தப்பா அரை மணி நேரம் சுழி பார்த்தார். நான் பல்லைப் பார்த்தேன். காலைத் தூக்கி, குளம்புக்கு மேலே பின்பக்கம் இருக்கும் மடிப்பை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அங்கே முடியை ஒட்ட வெட்டி மஞ்சள் பூசியிருந்தது. "சந்தைக்காக அலங்காரம் பண்ணினது" என்றார் வியாபாரி. நாங்களும் தலையாட்டினோம். இந்த ஏமாற்றத்தில் பாதி எங்கள் மடத்தனம்.

ஐப்பசி மழை பிடித்ததும் விஷயம் வெளியே வந்தது. லாயத்து வாசல் முழுக்கச் சேறு. பின்னங்கால் மடிப்பில் கொத்துக்கொத்தாக முடி ஒட்டிக்கொண்டு பொருக்கு கட்டியது. கை வைத்தால் காலை உதறினாள். ஒரு பொருக்கு கழன்று விழ, அடியில் ரோஸ் நிறத் தோலும் சீழும். ஏரிக்கரையில் சவாரிக் குதிரை ஓட்டும் பையன்கள் "சேத்துப்புண்ணுண்ணே, நம்ம காலுக்கு வர்றதுதான்" என்றார்கள். அவர்களே ஒரு 'குதிரை டாக்டரை'யும் காட்டினார்கள்.

அவர் வந்தார், பார்த்தார், பேர் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார். ₹1,800. மூலிகைக் களிம்பாம், மூணே நாளில் ஆறிவிடுமாம். மூன்று நாளில் ஆறியும் போனது! அதுதான் வினை. பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வந்தது, முன்பைவிட மேலே ஏறி. போன் செய்தால், "மலை ஈரம் சார், விடாமப் போடணும்" என்றார். இப்படியே ஐந்து டப்பா. தினமும் பைப் தண்ணீரில் சேற்றைக் கழுவிவிட்டு ஈரத்தின் மேலேயே தடவவும் சொல்லியிருந்தார். மார்கழியில் ஒரு காலை எழுந்து போனால், வலது பின்னங்கால் முழங்கால் வரை தூண் மாதிரி வீங்கியிருக்கிறது. ஊன்றவே இல்லை. டாக்டரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

அரசு கால்நடை மருத்துவர் வந்து முதலில் கேட்டது தனுர்வாத ஊசி போட்டாயிற்றா என்று. குதிரைக்குக் காயம் என்றால் அந்த பயம்தான் பெரிது. அப்புறம் பொருக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். டெர்மடோபிலஸ் என்ற பாக்டீரியா. மைக்ராஸ்கோப்பில் ரயில் தண்டவாளம் மாதிரி வரிசையாகத் தெரியுமாம். மனிதர் காலுக்கு வரும் சேற்றுப்புண் பூஞ்சை. குதிரைக்கு வருவதற்கும் நாம் அதே பெயரை வைத்துக்கொண்டு படை மருந்தைத் தேடுகிறோம். இந்தக் கிருமி காய்ந்த பொருக்குக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊறி மெலிந்த தோல் கிடைத்தால் கிளம்பிவிடும். வெள்ளைக் காலின் ரோஸ் தோலில் இது கூடுதலாக வரும் என்றார். ராசியான குதிரைக்கே ராசியில்லாத கால்!

டப்பாவில் என்ன இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆளிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் சொன்னான்: மெடிக்கலில் வாங்கும் குளோபெட்டசால் ட்யூப், வாசலின், கற்பூரம், மணத்துக்கு வேப்பெண்ணெய். நம் ஆட்கள் படைக்குப் போட்டுத் தோலைக் கெடுத்துக்கொள்கிற அதே ஸ்டீராய்டு. சிவப்பும் வீக்கமும் அடங்கும், கிருமி சாகாது. தோலின் எதிர்ப்பு குறைந்து, வாசலினுக்கு அடியில் ஈரமும் மூடப்பட்டுக் கிடக்க, அது சௌகரியமாகப் பெருகியிருக்கிறது. மூலிகை என்று நம்பி, டப்பாவுக்கு ஒரு முறை அதற்கு நானே பந்தி போட்டிருக்கிறேன்.

வீக்கத்துக்கு ஊசி போட்டார்கள். புண்ணுக்கான வைத்தியத்தில் ரகசியம் எதுவும் இல்லை. முடியை வெட்டி, பொருக்கை ஊறவைத்து, தானாகக் கழல்வதை மட்டும் எடுத்தோம். காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் புண்தான் பெரிதாகும். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியை நீர்த்துப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, அலசி, துண்டால் ஒற்றி ஒற்றி உலர்த்தினோம். கையுறை கட்டாயம், மனிதருக்கும் அபூர்வமாகத் தொற்றும். எடுத்த பொருக்கை எரித்தோம். இப்போது தினமும் கழுவுவதில்லை. சேறு காய்ந்த பிறகு பிரஷ் போடுகிறோம். லாயத்து வாசலில் ஜல்லி கொட்டினேன். களிம்புக்குப் போன காசில் பாதிகூட ஆகவில்லை. போன மழைக்குச் சின்னதாக ஒரு தடவை வந்தது, ஒரு வாரத்தில் போய்விட்டது.

யாராவது 'டாக்டர்' என்று வந்தால் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. 1962-க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. லேபிள் இல்லாத டப்பாவைக் கையால் தொடாதீர்கள். மூன்று நாளில் ஆறி, நிறுத்தியதும் திரும்பி வந்தால், அடுத்த டப்பா வாங்காமல் புண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

போன வாரம் ஏரிக்கரையில் ஒரு பையன் கையில் அதே வெள்ளை டப்பாவைப் பார்த்தேன். விலை இப்போது ₹2,200.